என் பேயாக நடித்தவள்

“இவ எப்படி சார் செத்தா?”

பேய் வேஷத்துக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு டைரக்டரிடமும் அவள் முதலில் கேட்ட கேள்வி இது. மேக்கப் அறையின் மர ஸ்டூலில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, கோரைப்பல் செட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். பதில் வராமல் பல்லை மாட்ட மாட்டாள்.

மைசூருக்கு வெளியே, வயல்களைத் தாண்டி இருந்த அந்த ஸ்டுடியோவில், சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த அந்தக் காலத்தில், மதராஸ் கம்பெனிகள் ஒன்று மாற்றி ஒன்று வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தன. டைரக்டர்களுக்கு எப்போதும் அவசரம். “செத்தா, அவ்வளவுதான். பேய்னாலே செத்தவதானேம்மா?” என்பார்கள்.

“கிணத்துல விழுந்தவளா, காய்ச்சல்ல போனவளா?”

“எதுவா இருந்தா என்ன?”

“கிணத்துல விழுந்தவ சேலையைப் பிழிஞ்சுகிட்டே வருவா சார். காய்ச்சல்ல போனவளுக்கு தாகமா இருக்கும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி நடக்க மாட்டாங்க, அல்வா?” அவள் தமிழில் கன்னடம் கலந்து வரும்; ‘அல்வா’ என்றால் ‘இல்லையா’.

எல்லாரும் சிரிப்போம். காமிரா ஓடத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிடும். இருட்டிலிருந்து விளக்கு வெளிச்சத்துக்கு அவள் எடுத்துவைக்கிற நாலே அடியில், தண்ணீர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் செத்த ஒருத்தி வந்து நிற்பது தெரியும். காய்ச்சல் என்று டைரக்டர் சொல்லியிருக்க மாட்டார். அவளே முடிவு செய்திருப்பாள். பெயரும் வைத்திருப்பாள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்த மைசூர்த் தமிழ்க் கிறிஸ்தவப் பெண் நான். நல்ல சிவப்பு. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, “இந்த நிறத்துக்கு ரோஸியை சினிமாவுல சேர்த்துவிடலாமே” என்று யாராவது சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கேட்டுக் கேட்டு அம்மாவே ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

எனக்குக் கிடைத்ததெல்லாம் தோழி வேஷம். கதாநாயகிக்குப் பின்னால் பூத்தட்டோடு நிற்க வேண்டும். அவள் சிரித்தால் சிரிக்க வேண்டும். எட்டுப் படத்தில் நின்றேன். எட்டையும் பார்த்த என் சித்தப்பா மகள், “நீ எந்தப் பக்கம் நின்னே, ரோஸி?” என்று கேட்டாள்.

பேயாக நடித்த அவளோ நடிக்கவென்று வந்தவளே இல்லை. எங்கள் கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்தில் ஒரு சலவைக்கூடம் இருந்தது. அவள் அங்கே வேலை செய்தாள். ஸ்டுடியோவின் உடைகளும் அங்கேதான் வெளுக்கப் போகும். ஒரு நாள் காலை, மயான செட்டில் புகை போட்டுவிட்டு டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். பேயாக நடிக்க வந்த பெண்ணுக்கு ஒரு மணி நேரமாகக் கரி பூசிக்கொண்டிருந்தார்கள், இன்னும் முழங்கைக்கு வந்து சேரவில்லை. அந்த நேரம் பார்த்துப் புகைக்குள்ளிருந்து, தலையில் வெள்ளைத் துணி மூட்டையோடு, நெடுநெடுவென்று ஒருத்தி நடந்து வந்தாள். இஸ்திரி போட்ட துணிகளைக் கொடுக்க வந்தவளுக்குத் தான் மயானத்துக்கு நடுவே நிற்பது தெரியவில்லை. “துணி எங்கே வைக்கறது?” என்று கன்னடத்தில் கேட்டாள்.

டைரக்டர் கரி பூசிக்கொண்டிருந்த பெண்ணிடம் திரும்பி, “நீ மூஞ்சி கழுவிட்டு வீட்டுக்குப் போம்மா” என்றார்.

வடக்கே ஹளியாள் பக்கத்துக் காட்டுக் கிராமம் அவளுக்கு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அவர்களைச் சித்திகள் என்பார்கள். சுருண்டு இறுகிய முடி, அகன்ற நெற்றி, மைக்கருப்பு நிறம். கொங்கணியும் கன்னடமும் தாய்மொழி மாதிரி. மடத்தில் இருந்த தமிழ் சிஸ்டர்களிடமிருந்து தமிழ் பேசக் கற்றிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்டுடியோவில் அவளுக்கு வைத்த பெயர் ‘காப்பிரிச்சி’, ஆப்பிரிக்காக்காரி என்பதை இளப்பமாகச் சொல்வது. முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா என்பேன். நான் மட்டும் மரியாதை தெரிந்தவள் என்று அப்போது எனக்கொரு நினைப்பு.

அடுத்த படத்தில் அவளுக்குக் காட்டுக் கூட்டத்தின் சூனியக்காரி வேஷம். கழுத்தில் எலும்பு மாலை, கையில் மண்டை ஓடு. கதாநாயகனைக் கட்டிவைத்து, அவனைச் சுற்றி ‘ஹூ, ஹா’ என்று கத்திக்கொண்டு ஆட வேண்டும்.

“ஹூ ஹான்னா என்ன அர்த்தம் சார்?”

“அர்த்தமெல்லாம் கிடையாது. உங்க பாஷைதானேம்மா, நீயே ஏதாவது போட்டுக்கோ.”

“எங்க பாஷைல இவனை ஊட்டக்குக் கூப்பிடலாம் சார், சாப்பிடறதுக்கு. கத்தறதுக்கு வார்த்தை இல்லை.”

“நீ ஆப்பிரிக்காதானே?”

“ஹளியாள், சார். பஸ் போகும்.”

டைரக்டரே சிரித்துவிட்டார். கடைசியில் அவள் சொன்னதைத்தான் எடுத்தார்கள். மண்டை ஓட்டைக் கதாநாயகன் முகத்துக்கு நேரே நீட்டி, பல்லைக் கடித்தபடி கொங்கணியில் அவள் என்னவோ முழங்குவாள். படம் பார்த்தவர்கள் நடுங்கினார்கள். “சோறு ஆறிப்போகுது, கை கழுவிட்டு வாடா” என்று சொன்னதாக எனக்கு மட்டும் பிறகு சொன்னாள். அந்த ரகசியத்தை என்னிடம் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அன்று முழுதும் தலைவலிதான் இருந்தது. எட்டுப் படத்தில் ஒரு வார்த்தை பேசாதவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்தில் குழந்தைகள் அவளைப் பார்த்து, “பேய், பேய்!” என்று ஓடுவார்கள். முதல் வாரம் அவள் பேசாமல் மடத்துக்குத் திரும்பிவிட்டாள். இரண்டாவது வாரம் வேப்பமரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தானாகவே பேசுவதுபோல் ஆரம்பித்தாள்.

“அந்தப் பேய் பேரு லில்லி. ரொம்ப நல்லா பாடுவா. மழைல நனைஞ்சு ஜுரம் வந்துடுச்சு. வீட்ல யாரும் தண்ணி குடுக்கல. அதான் ராத்திரி எழுந்து கெணத்தைத் தேடறா. நீங்க ஓடினா அவ யார்ட்ட தண்ணி கேப்பா?”

ஓடிய குழந்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு பெண் குழந்தை வீட்டுக்குள் ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. அவள் முழுதையும் குடித்தாள். அப்புறம் வாராவாரம் கதைதான். “உங்க பேர் என்ன?” என்று கேட்ட ஒன்றிடம், “நான் சித்தி” என்று தன் இனத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். தமிழ்க் குழந்தைகளுக்கு அது வேறு மாதிரிக் கேட்டுவிட்டது. மைசூர்த் தமிழ்க் குழந்தைகள் அத்தனைக்கும் அவள் சித்தியாகிவிட்டாள். நான் அதே வளாகத்தில் பிறந்து வளர்ந்தவள். என்னை எந்தக் குழந்தையும் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை.

அம்மாவும் அவளோடு ஒட்டிக்கொண்டாள். மடத்தின் துணிகளோடு ஆஸ்பத்திரித் துணிகளும் வெளுக்கப் போவதால் பழக்கம். வீட்டுக்கு வந்தால் சமையலறை வாசலில் உட்கார்ந்து, நோயாளிகள் எப்படிச் சாகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் எதைப் பார்ப்பார்கள், யாரைக் கூப்பிடுவார்கள், கை எங்கே போகும். அம்மா பாத்திரம் தேய்த்தபடியே எல்லாம் சொல்வாள். இருபது வருஷமாகப் பார்த்த சாவுகளை அம்மா என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பிறகு எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு தமிழ்ப் படத்தில் வேஷம், வசனத்தோடு வேஷம். கைக்குழந்தையோடு இருக்கும் இளம் மனைவி. மாமியார் பாலில் விஷம் வைத்துக் கொன்றுவிடுவாள். செத்தவள் பேயாகித் தன் தொட்டிலுக்குத் திரும்பி வருவாள். மந்திரவாதி வந்து விரட்டுவான். உயிரோடு இருக்கும் பகுதி கொஞ்சம்தான், பேய்ப் பகுதிதான் படம் முழுக்க. இரண்டும் எனக்கென்றே நினைத்துக் கண்ணாடி முன்னால் நின்று கண்ணை உருட்டிப் பழகினேன்.

ஷூட்டிங் தொடங்கிய அன்று டைரக்டர் சொன்னார்: “நீ சாகற வரைக்கும்தாம்மா. பேயா உன் அக்கா வருவாங்க.”

“நானே செய்யறேன் சார். ஒரே ஆள்தானே?”

“உன் மூஞ்சிக்கு யாரும்மா பயப்படுவா? உன்னை மாதிரி செவப்பா இருக்கறவ செத்தா தேவதைம்பாங்க. பேய் கறுப்பாத்தான் இருக்கணும்.”

அவள் அங்கேதான் நின்றிருந்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். எப்போதும்போல நிதானமாகக் கேட்டாள்: “உயிரோட இருக்கறப்போ செவப்பு. செத்த மறுநாள் கறுப்பு. அப்ப அவ புருஷனுக்கு இவ யாருன்னு எப்படித் தெரியும் சார்?”

“ஜனங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்க.”

“குழந்தை கேக்கும்,” என்றாள்.

அன்றிலிருந்து என் ஷாட் எடுக்கும்போதெல்லாம் அவள் விளக்குகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எப்படித் தலைப்பைச் செருகுகிறேன், எந்தக் கையால் தொட்டிலை ஆட்டுகிறேன் என்று கண்ணெடுக்காமல் பார்த்தாள். எனக்கு முதுகு அரித்தது. ஒரு நாள் வீட்டுக்கே வந்தாள்.

“ரோஸி, நீ சாகறப்போ மனசுல என்ன நெனைச்சே?”

“ஒண்ணும் நெனைக்கலை. டைரக்டர் கண்ணை மூடுன்னார், மூடினேன்.”

“குழந்தைக்கு யார் பால் குடுப்பான்னு நெனைக்கலையா?”

“அது படம், அக்கா.”

“ஹௌது, படம்தான்,” என்று தலையாட்டினாள். “பாலை மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்தியே, சூடு இருக்கான்னு. அது டைரக்டர் சொல்லிக் குடுத்ததா?”

அப்படிச் செய்தது எனக்கே ஞாபகமில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும்போது செய்வது. பார்த்துப் பார்த்து என் கைக்கு வந்திருக்கிறது போல.

பேய்க் காட்சி எடுத்த அன்று நானும் போனேன். எனக்கு அன்று வேலை இல்லை. அவள் தப்பு செய்வதைப் பார்க்கத்தான் போனேன். கோரைப்பல், அவிழ்ந்த கூந்தல், வெள்ளைச் சேலை. தொட்டிலைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறும வேண்டும், குழந்தை வீறிட வேண்டும், மந்திரவாதி நுழைய வேண்டும்.

அவள் வந்தாள். தொட்டிலுக்கு இரண்டடி முன்னால் நின்றாள். வாயில் இருந்த கோரைப்பல்லைக் கழற்றி, குழந்தை பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தலைப்பை இடுப்பில் செருகினாள். அது நான் செருகுகிற விதம். பக்கத்தில் இருந்த பால் கிண்ணத்தை எடுத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். அவளைக் கொன்றதும் இப்படி ஒரு பால்தான். விட்டுவிட்டுக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். கிண்ணத்தை மெதுவாகத் தரையில் கவிழ்த்தாள்.

வீறிட வேண்டிய குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. மந்திரவாதியாக நடித்தவர் வசனத்தை மறந்து வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் ‘கட்’ சொல்லவில்லை.

நான் வெளியே வந்து, ஸ்டுடியோ சுவரோரம் நின்று என் சேலைத் தலைப்பை உருவி மறுபடி செருகிப் பார்த்தேன். என் கை, என் சேலைச் செருகல், என் பால் சொட்டு. எல்லாம் என்னுடையது. என்னிடம் இருந்தபோது ஒன்றுமில்லாமல் கிடந்தது, அவளிடம் போனதும் உயிர் வந்துவிட்டது. அவள் திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். கண்ணெதிரே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

படம் வந்தது. மைசூரில் பகல் ஆட்டத்துக்கு அம்மாவும் நானும் போனோம். திரையில் நான் விஷம் குடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிஷம் செத்தேன். எங்களுக்குப் பின்வரிசையில் யாரோ முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கோரைப்பல்லைக் கழற்றியபோது அந்தச் சத்தம் நின்றது. பால் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது பெண்கள் பக்கம் முழுக்க அழுகை. திரும்பிப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் சாகும்போது அம்மா அழவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள்: “உன்னை எவ்வளவு ஆசையா பாத்து வச்சிருக்கா பாரேன் அந்தப் பொண்ணு. பெத்த நான்கூட அப்படிப் பாத்ததில்லைடி.”

நான் இரண்டடி முன்னால் நடந்தேன்.

அதற்கப்புறம் ஆறேழு மாதத்தில் மைசூருக்குக் கம்பெனிகள் வருவது குறைந்துபோயிற்று. மதராஸிலேயே எல்லாம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வேலை நின்றது. அவள் சலவைக்கூடத்திலேயே இருந்தாள். ஒரு மத்தியானம் கையில் ஒரு மதராஸ் கம்பெனியின் விலாசத்தோடு வீட்டுக்கு வந்தாள். அந்த டைரக்டர் கொடுத்தது.

“ரோஸி, தமிழ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடு. சிஸ்டர்ங்ககிட்ட கேட்டா ஜெபம் பண்ணுன்னு சொல்லுவாங்க.”

பேனாவை எடுத்தேன். அவள் ஸ்டூலில் உட்காருவதுபோலவே முதுகு நிமிர்த்தித் தரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.

“நான் அஞ்சு பேய் செஞ்சிருக்கேன். எல்லாரையும் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். இனிமே பேய் பேடா, வேண்டாம். அம்மா வேஷம் குடுங்க. டீச்சர், நர்ஸ், பக்கத்து வீட்டு அக்கா, காய்கறி விக்கறவ, எது குடுத்தாலும் செய்வேன். படம் முடியற வரைக்கும் உயிரோட இருக்கற பொம்பளையா இருந்தா போதும்.” கொஞ்சம் நிறுத்தி, “இதை நீ அழகாத் தமிழ்ல எழுது,” என்றாள்.

அழகாகத்தான் எழுதினேன். என் கையெழுத்து பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. ‘இவர் ஆப்பிரிக்க இனத்தவர். மிகவும் கறுப்பு நிறம். பேய், பிசாசு, ராட்சசி, காட்டுவாசி வேஷங்களுக்கு மேக்கப் இல்லாமலே பொருத்தமானவர். வேறு வேஷங்களை எதிர்பார்க்கவில்லை.’

“படிச்சுக் காட்டு,” என்றாள்.

காகிதத்தைப் பார்த்தபடி, அவள் சொன்னது அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். அம்மா, டீச்சர், நர்ஸ். ஒரு இடத்தில்கூடக் குரல் தடுமாறவில்லை. என் வாழ்க்கையில் நான் நன்றாக நடித்தது அந்த ஒரு தடவைதான். அவள் கண் கலங்கி, என் கன்னத்தைத் தடவிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அவளே தபாலில் போட்டாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதையும் படிக்க என்னிடம்தான் கொண்டுவந்தாள். ‘பேய் வேஷம் ஒன்று இருக்கிறது. உடனே புறப்பட்டு வரவும்.’ இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

“அம்மா வேஷம்னு எழுதினோமே, ரோஸி?”

“அவங்க சரியாப் படிக்கலை போல.”

கடிதத்தை மடித்தாள். “சரி. நேர்ல போய்க் கேக்கறேன். கேட்டா குடுப்பாங்க.”

ரயிலடிக்கு அம்மா போனாள். கோயில் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் போயிருந்தார்களாம். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

நான் எப்படி எழுதியிருந்தாலும் மதராஸ்காரர்கள் அவளுக்குப் பேய் வேஷம்தான் கொடுத்திருப்பார்கள் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் செய்திருக்கக்கூடிய அந்தக் காரியத்தை, அவர்கள் கேட்காமலே, முத்து முத்தான எழுத்தில் முதலில் செய்தவள் நான்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. சினிமா பேச்சே ஆகாது. அம்மாவும் எங்களோடுதான் இருந்தாள். மதராஸ் போனவள் நடித்த படம் வந்தால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்துவிடுவேன். சுடுகாட்டுப் பேய், முனிவரைத் தின்ன வரும் ராட்சசி, நரபலி கேட்கும் காட்டு ராணி. அவள் வந்தால் காமெடி நடிகர் வேட்டி அவிழ ஓடுவார், கொட்டகையே சிரிக்கும். எந்தப் படத்திலும் அவள் உயிருள்ள பெண்ணாக வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நொடி, கழுத்தைத் திருப்புவதிலோ விரலை மடக்குவதிலோ, அந்த ராட்சசிக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த நொடிக்காகக் காத்திருப்பேன். வந்ததும் வயிறு எரியும். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் சிவந்த முகத்தைப் பார்த்துக்கொள்வேன். அதற்குள் ஒருவரையும் காணோம்.

அவள் மதராஸ் போய் நாலைந்து வருஷம் கழித்து மதராஸ் முத்திரையோடு எனக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே நான் எழுதிய அதே கடிதம். மடித்த இடங்கள் மஞ்சளாகி, ஓரத்தில் கம்பெனி கோப்பில் குத்திவைத்த ஊசித் துளையோடு இருந்தது. வேறு காகிதம் எதுவும் இல்லை. பின்பக்கம் திருப்பினேன். சிலேட்டில் எழுதிப் பழகும் குழந்தையின் எழுத்துப்போல, பென்சிலில், பெரிது பெரிதாக, கோடு தாண்டி எழுதியிருந்தது:

‘தமிழ் கத்துக்கிட்டேன். நானே படிச்சேன்.’

பெயர் போடவில்லை. விலாசமும் இல்லை.

“யார்கிட்டேருந்துடி?” என்று அம்மா கேட்டாள்.

“மதராஸ்லேருந்து. அக்கா.”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “குடு, குடு. என்ன எழுதியிருக்கா?” என்று மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். கிழித்துப்போட நேரம் இருந்தது. அடுப்பும் பக்கத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.

கொடுத்தேன்.

அம்மா வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போனாள். முன்பக்கத்தை முழுக்கப் படித்தாள். பின்பக்கத்தைப் படித்தாள். மறுபடி திருப்பி முன்பக்கத்துக்கே வந்தாள்.

“இது உன் கையெழுத்தாச்சே, ரோஸி,” என்றாள்.

“ஆமாம்மா,” என்றேன்.